நிலம் யார் பேரில், ஏர் யார் கையில்? ஊர் ஆய்வுக்கு உதவி தேவை

செஞ்சிக்காரன்

வணக்கம். முதுகலைப் பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கிறேன். திட்டக் கட்டுரைக்கு "எங்கள் ஊரில் நில உடைமையும் குத்தகையும்" என்று தலைப்பு கொடுத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் சிரித்துவிட்டு, "அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் வைத்து நடத்தினார்கள். இங்கே நீ தனியாக என்ன செய்வாய்?" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் செய் என்றும் சொல்லவில்லை.

மூன்று கேள்விகள். நம்மூரில் எந்தப் பல்கலைக்கழகமாவது இதை முறையாக ஆராய்ந்திருக்கிறதா? சொந்த ஊரையே ஆராயலாமா, அல்லது ஆய்வு கெட்டுவிடுமா? அப்புறம், டென்யூர் (நிலம் எந்த உரிமையில் ஒருவர் கையில் இருக்கிறது என்பது) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது? குத்தகை என்றால் பொருள் சுருங்கிவிடுகிறது.

ஊர் செஞ்சிப் பக்கம். கிணற்றுப் பாசனம், நெல்லும் மணிலாவும் (வேர்க்கடலை). சுமார் 300 வீடு.

நூலகத் தூசி

தம்பி, உங்கள் பேராசிரியர் சொன்னதில் பாதி சரி. விஸ்கான்சின் மையம் 1962-இல் தொடங்கியது. பணம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்திடமிருந்து வந்தது, கவனம் முதலில் லத்தீன் அமெரிக்கா மேல்தான் இருந்தது. கியூபப் புரட்சிக்கு அடுத்து வந்த வருடங்கள் என்பதை நினைவில் வைத்தால், நிலச் சீர்திருத்தத்தின் மேல் அவர்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை பிறந்தது என்று புரியும். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் நகரில் 1951-லேயே உலக நில உடைமைச் சிக்கல்கள் பற்றி ஒரு பெரிய மாநாடும் நடந்திருக்கிறது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே சென்னைப் பல்கலைக்கழகம் இந்த வேலையில் இறங்கிவிட்டது. 1915-இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் இங்கே இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தில் ஊர்ப் பொது வயல்களுக்கு வேலி போட்டுத் தனியுடைமையாக்கிய கதையைப் பற்றி 1907-இல் ஒரு புத்தகமே எழுதியவர். அதாவது நிலம் எப்படிக் கை மாறுகிறது என்ற கேள்வியோடுதான் அந்த மனிதர் கப்பலேறியிருக்கிறார்.

வந்தவர் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளை அச்சடித்துக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவரவர் ஊரைக் கணக்கெடுத்து வாருங்கள் என்றார். தேர்ந்தெடுத்தவை 1918-இல் நூலாக வந்தன. தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, தஞ்சாவூரில் பாலக்குறிச்சி, ராமநாதபுரத்தில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான், வடார்க்காட்டில் தூசி. (என் பெயருக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை.) மலபார் ஊர்களும் உண்டு.

அது ஒரு நூலோடு முடிந்திருந்தால் இவ்வளவு சொல்ல மாட்டேன். 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல். 1980களில் அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள். இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். குகன் தமிழக அரசில் நிதித்துறைச் செயலாளராக இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். பிறகு 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ். ஒரே ஊரைத் தொண்ணூறு வருடம் விட்டு விட்டுப் பார்த்திருக்கிறார்கள். விஸ்கான்சினில் கட்டடம் இருந்தது, இங்கே ஊர்கள் இருந்தன.

ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு: சொந்த ஊரை ஆராய்வதுதான் இங்கே ஆதி வழக்கமே.

கடைமடை

பாலக்குறிச்சி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. இப்போது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கே வருடாவருடம் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள் என்று கிண்டலாகச் சொல்வோம். 2019-இல் வெண்மணியையும் பாலக்குறிச்சியையும் சேர்த்து ஒரு குழு கணக்கெடுத்தது.

தம்பி ஊர் கிணற்றுப் பாசன ஊர். எங்கள் பக்கத்துக் கேள்வித்தாள் அங்கே பொருந்தாது. இங்கே நிலத்தை மா, வேலி என்று பேசுவோம். 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 6.6 ஏக்கர். கட்டுக்குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை என்று பேசிவிடுவது. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. இதில் எதுவும் காகிதத்தில் இருக்காது. நீங்கள் போய் "ஐயா, குத்தகை நிலமா?" என்று கேட்டால் "சொந்த நிலம்" என்பார்கள். நிலக்காரர் காதுக்குப் போய்விட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் இருக்காது.

புள்ளிராசா

எல்லாம் சரி, ஆனால் இந்தக் காலத்திலும் ஏன் வீடு வீடாகப் போக வேண்டும்? வேளாண் கணக்கெடுப்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 2015-16-இல் தமிழ்நாட்டில் 79.38 லட்சம் கைப்பற்றுகள் (ஒருவர் சாகுபடியில் உள்ள மொத்த நிலம் ஒரு கைப்பற்று), சராசரி 0.75 ஹெக்டேர். பட்டா, சிட்டா ஆன்லைனில் இருக்கிறது. தம்பி ஊர்ச் சிட்டாவை இறக்கி எக்செல்லில் போட்டால் ஒரு வாரத்தில் கட்டுரை முடிந்துவிடும். 300 வீட்டை ஆராய்ந்து என்ன பொது முடிவுக்கு வர முடியும்?

ஓய்வுபெற்ற செயின்மேன்

புள்ளிராசா அவர்களே, அந்த 79.38 லட்சம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் மாநிலத்தில் வேளாண் கணக்கெடுப்பு என்பது கிராமக் கணக்குகளைத் திரும்பத் தொகுத்து எழுதுவது. வயலுக்குப் போய் உழுகிறவரைக் கேட்டு எழுதியது அல்ல. கணக்கில் குத்தகை ஏறாதபோது தொகுப்பில் மட்டும் எப்படி ஏறும்?

நான் நில அளவையில் 31 வருடம் இருந்தேன். தம்பிக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்டா ஒருவர் பேரில் எத்தனை நிலம் என்று சொல்லும். அ பதிவேடு புல எண் வாரியாக நிலத்தின் வகையும் தீர்வையும் (நிலவரி) சொல்லும். புலப்படம் வடிவத்தையும் அளவையும் சொல்லும். அடங்கல்தான் அந்தப் பசலியில் என்ன பயிர் என்று சொல்லும். பசலி என்பது வருவாய்த்துறை வருடம், ஜூலை 1-இல் தொடங்கும். கிராம நிர்வாக அலுவலர் மாதாமாதம் வயலுக்குப் போய்ப் பார்த்து அடங்கல் எழுத வேண்டும் என்பது விதி. எழுதுகிற இடம் வயல்தானா, டீக்கடையா, ஜமாபந்திக்கு (வருடாந்திரக் கணக்குத் தணிக்கை) முந்தின ராத்திரியா என்பதை நீங்கள் பயிரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மூன்று வருடம் தொடர்ந்து ஒரே புலத்தில் ஒரே பயிர், ஒரே பரப்பு என்று இருந்தால் யாரும் போகவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, பட்டா என்பதே உரிமைப் பத்திரம் அல்ல. தீர்வை யாரிடம் வாங்குவது என்பதற்காக அரசு வைத்திருக்கும் கணக்கு. கிரயப் பத்திரம் பதிவுத்துறையில், பட்டா வருவாய்த்துறையில். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாமலே பல வருடம் ஓடியிருக்கின்றன. 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யூ.டி.ஆர். என்பார்கள். கணக்குகளை எல்லாம் புதுப்பித்தோம். நானும் அதில் சங்கிலி பிடித்தேன். ஒரு ஊரில் அண்ணன் தம்பி இருவர், புலம் ஒன்று, உட்பிரிவு இரண்டு. கிணறு இருந்த பாகம் தம்பியுடையது. எழுதும்போது மாறிப் போய்விட்டது. அண்ணன் பேருக்குக் கிணறு. அவர்கள் இருவருக்கும் அது பதினைந்து வருடம் தெரியாது, ஏனென்றால் இருவரும் அவரவர் பாகத்தைத்தான் உழுதுகொண்டிருந்தார்கள். அண்ணன் மகன் கடன் வாங்கச் சிட்டா எடுத்தபோதுதான் வெடித்தது. நான் ஓய்வு பெறும்போதும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. என் கையெழுத்து அந்த அளவுப் புத்தகத்தில் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

தம்பி, சிட்டாவை இறக்குங்கள். ஆனால் அதை விடையாக எடுக்காதீர்கள், கேள்வித்தாளாக எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். மின்வாரிய இணைப்பு அட்டையையும் கேளுங்கள். கிணற்றுப் பாசன ஊரில் மோட்டார் யார் பேரில் இருக்கிறது என்பது பட்டாவைவிட அதிகம் பேசும்.

புள்ளிராசா

கணக்கெடுப்பு முறை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், தெரியாமல்தான் எழுதினேன். ஆனால் பொது முடிவு பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

நூலகத் தூசி

நிற்கட்டும். இருவேல்பட்டைப் பார்ப்போம். 1916-இல் அங்கே ஒரு ரெட்டியார் குடும்பத்தின் பிடியில்தான் ஊர். 2008-இல் போனவர்கள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டதையும், விவசாயத்துக்கு வெளியே வேலை பெருகிவிட்டதையும், தலித் மக்கள் நிலக்காரர்களை அண்டிப் பிழைக்க வேண்டிய நிலை குறைந்துவிட்டதையும் எழுதினார்கள். 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றது, 1970-இல் 15 ஆக்கினார்கள். சட்டத்தை மட்டும் வாசித்தால் அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று தோன்றும். ஊருக்குப் போனால் வெளியூர் வேலை, படிப்பு, ரேஷன் அரிசி என்று வேறு காரணங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. எது எவ்வளவு என்பதைச் சராசரி சொல்லாது.

மருதம் கயல்

யாராவது ஒன்றைச் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். 1916-இல் கல்லூரிக்குப் போனவர் யார்? தன் ஊரைக் கணக்கெடுத்து வா என்றால் அந்த மாணவன் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியிருப்பான்? நிலம் வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளைதானே. சேரிக்குள் போய்க் கேட்டிருப்பானா? போயிருந்தாலும் பண்ணையாள் அவனிடம் கடனைப் பற்றி உண்மை பேசியிருப்பாரா? "ஆதி வழக்கம்" என்று பெருமைப்படும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இதுவரை இந்த இழையில் அண்ணன், தம்பி, மகன் எல்லோரும் வந்துவிட்டார்கள். மகள் வரவில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தது. நாடு முழுக்க 2005-இல்தான். 1989-இல் என் பெரிய அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அந்தச் சட்டப்படி அவளுக்கு இல்லை. எனக்கு உண்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். யாரும் மிரட்டவில்லை. "தீபாவளிக்கு வர ஒரு வீடு வேண்டாமா?" என்று அம்மா கேட்டாள், அவ்வளவுதான். கணக்கில் அது என் சம்மதம்.

நூலகத் தூசி

கயல், சரியான அடி. ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: ஸ்லேட்டர் ஊர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குத் திண்ணையில் எழுதியதும் உபயோகப்பட்டது. எதை எழுதாமல் விட்டார்கள் என்பதே ஒரு தகவல். வெளியிலிருந்து வந்தவர்களும் தஞ்சாவூரில் இதே சுவரில் முட்டிக்கொண்டார்கள். மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் இருந்தது அக்கிரகாரம் உள்ள ஊர். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தங்கியதும் அப்படித்தான். திட்டக்குழுவுக்காக நிலச் சீர்திருத்த நிபுணர் லடெஜின்ஸ்கி 1963 வாக்கில் தஞ்சாவூர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் குத்தகை நிலையைப் பார்த்தபோதும், வாய்மொழிக் குத்தகைதான் கண்ணில் பட்டது.

கடைமடை

வாய்மொழி ஏன் என்று நான் சொல்கிறேன். 1952-இல் ராஜாஜி காலத்தில் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்பு. 1956-இல் நியாயக் குத்தகை. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம். பேர் ஏறியவரை எழுப்ப முடியாது. நல்ல சட்டம்தான், என் தாத்தா பேர் ஏறியது, அதனால்தான் எங்களுக்கு இன்று மூன்று மா இருக்கிறது. நிலத்தை விற்கும்போது மிராசுதார் குத்தகைக்காரருக்கும் ஒரு பங்கு கொடுத்துத்தான் விற்க முடிந்தது.

ஆனால் பேர் ஏறாதவர் கதை வேறு. அதற்கப்புறம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே ஆளிடம் நாலு வருடம் தொடர்ந்து விடுவதற்கே பயந்தார்கள். நான் இப்போது அந்த மூன்று மாவோடு, வெளியூரில் இருக்கும் ஒருவரின் 12 மாவையும் வாய்மொழியாகச் செய்கிறேன். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட அவர் சிட்டா வேண்டும். பயிர்க் காப்பீடு அவர் பேரில். ஒரு வருடம் வெள்ளம் வந்தது, தாளடி (இரண்டாம் போக நெல்) முழுக்க அழுகியது. நிவாரணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போனது. அவர் நல்ல மனிதர், பாதியைக் கொடுத்தார். நல்ல மனிதராக இல்லாவிட்டால் நான் என்ன கேட்டிருக்க முடியும்? எந்தக் காகிதத்தில் நான் இருக்கிறேன்?

கோயில் நிலம் மட்டும் கொஞ்சம் வேறு. ரசீது உண்டு. அதிலும் ரசீது ஒருவர் பேரில், சாகுபடி இன்னொருவர் கையில்.

செஞ்சிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. டென்யூருக்குச் சொல் யாரும் சொல்லவில்லையே.

ஓய்வுபெற்ற செயின்மேன்

பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள் தம்பி. "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" என்று இருக்கும். பாத்தியம் (உரிமை) ஒன்று, அனுபோகம் (பலனை அனுபவிப்பது) ஒன்று, சுவாதீனம் (கைவசம் வைத்திருப்பது) ஒன்று. ஒரு சொல்லுக்குள் அடைக்க ஏன் பார்க்கிறீர்கள்? ஊரில் மூன்றும் மூன்று ஆளிடம் இருக்கும்.

மருதம் கயல்

இதை அப்படியே தலைப்பாக வைத்துக்கொள், செஞ்சி.

செஞ்சிக்காரன்

*(பத்து வாரம் கழித்து)*

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். போய் வந்தேன். 300 வீடு முடியவில்லை, 140 வீடும் 62 புலங்களும் பார்த்தேன். முழுசாக எழுத இன்னும் நாளாகும். ஒரே ஒரு புலத்தை மட்டும் சொல்கிறேன், யாராவது இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று சொல்லுங்கள்.

ஊரில் அதற்குப் பேர் "முதலியார் கழனி". ஊரில் முதலியார் யாரும் இல்லை. எப்போது விற்றார்கள் என்று கேட்டால் எங்கள் தாத்தா "எங்கப்பா சின்னப் பையனா இருக்கிறப்போ" என்கிறார். ஒரு ஏக்கர் 40 சென்ட். கூட்டுப் பட்டா, ஏழு பேர், அதில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் பேர் பட்டாவில் பிழையாக இருப்பதால் அவர் வேறு ஆள் என்றே மகன் நினைத்துக்கொண்டிருந்தார். ஏழில் பெண் யாரும் இல்லை. கயல் அக்கா, கேட்டேன். இரண்டு மகள்கள் உண்டு, ஒருவர் பெங்களூரில், ஒருவர் அடுத்த தெருவில். அடுத்த தெருவில் இருப்பவர் அதே கழனியில் களை எடுக்கக் கூலிக்குப் போகிறார்.

கழனியின் கிழக்குப் பாதி ஒத்தியில் இருக்கிறது. இரண்டு லட்சம் வாங்கியிருக்கிறார்கள், பணம் திரும்பக் கொடுக்கும் வரை கொடுத்தவர் பயிர் வைப்பார். கொடுத்தவர் சிங்கப்பூரில் இருக்கிறார். ஆகவே அவர் மச்சான் பார்க்கிறார். மச்சானும் உழுவதில்லை, பக்கத்துக் காலனியைச் சேர்ந்த ஒருவரிடம் வாரத்துக்கு விட்டிருக்கிறார். சிட்டாவில் இது எதுவும் இல்லை. அடங்கலில் மூன்று பசலியாக மணிலா. நான் போனபோது வயலில் சவுக்கு ஆள் உயரம் நின்றது.

முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைமடை அண்ணன் சொன்ன மாதிரியே "சொந்த நிலம்" என்றார்கள். நானும் அந்த ஊர்ப் பிள்ளை, என் அப்பாவுக்கு நாலு ஏக்கர் உண்டு, அதுவும் காரணம். காலனியில் என்னை "சின்னவரே" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். கயல் அக்கா சொன்ன திண்ணை இதுதான் என்று புரிந்தது. அப்புறம் கேள்வித்தாளை வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா மணிலா ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வாரக்காரரே சொன்னார். எங்கள் அப்பா நிலத்தில் யார் வாரம் என்பதையும் அவர்தான் சொன்னார். எனக்கு அது தெரியாது. ஏற்கெனவே எழுதி முடித்திருந்த என் வீட்டுத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

புள்ளிராசா

"உடைமை வகை" என்று ஒரே கட்டம் வைத்தால் இது எதிலும் அடங்காது. ஒரு புலத்துக்கு ஒரு வரி போடாதீர்கள், ஒரு ஆளுக்கு ஒரு வரி போடுங்கள். அதே கழனி அட்டவணையில் பத்துப் பன்னிரண்டு வரி வரும். வரட்டும். 62 புலத்துக்கும் அப்படிச் செய்தால் எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

கடைமடை

அந்த வாரக்காரர் பேரைக் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள் தம்பி. கழனி பேரையும் மாற்றுங்கள். ஊரில் முதலியார் கழனி என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியும். பேராசிரியருக்கு மதிப்பெண் போட அது தேவையில்லை.

செஞ்சிக்காரன்

மாற்றிவிட்டேன் அண்ணா. இங்கே சொன்னதும் உண்மைப் பேர் இல்லை.

ஓய்வுபெற்ற செயின்மேன்

எல்லாம் நன்றாக இருக்கிறது. கிணற்றை விட்டுவிட்டீர்களே? அந்தக் கழனிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மோட்டார் இணைப்பு யார் பேரில்?

செஞ்சிக்காரன்

மேற்குக் கிணறு ஐயா. ஏழு பங்கு, முறை வைத்து இறைக்கிறார்கள். இணைப்பு அட்டை யார் வீட்டில் இருக்கிறது என்று மூன்று வீட்டில் கேட்டேன். மூன்று பேரும் முதலியார் பேர் என்றார்கள். சனிக்கிழமை மறுபடி போகிறேன்.